பற்றிலிருந்து பிளாஸ்திரி வரை

தலைவலி வந்தால் சுக்கை உரைத்து நெற்றியில் பற்றுப் போடுவதை நாம் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மூலிகையைத் தோலின் மேல் வைத்து நோயைப் போக்கும் வழக்கம் பல நாடுகளில் மிகப் பழமையானது. ஆனால் பற்றிலிருந்து எவ்வளவு மருந்து, எவ்வளவு நேரத்தில் உடலுக்குள் சென்றது? இந்தக் கேள்விக்கு விடை காண விஞ்ஞானத்துக்கு நெடுங்காலம் பிடித்தது.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் பெல்லடோனா பிளாஸ்திரி பெயர் பெற்றிருந்தது. பெல்லடோனா, நமது ஊமத்தையின் குடும்பத்தைச் சேர்ந்த செடி. அதன் சாற்றைப் பசையில் கலந்து, துணியில் பூசி, முதுகுவலிக்கு ஒட்டினார்கள். சிலருக்கு வாய் வறண்டு, பார்வை மங்கி, சித்தமும் கலங்கியது. செடியிலுள்ள அட்ரோபின் தோலைக் கடந்து இரத்தத்தில் கலந்ததே காரணம். தோலின் வழியே மருந்தை உடலெங்கும் செலுத்தலாம் என்பதற்கு இந்த விபத்துகளே சான்றாயின.

தோலின் மேற்புறத்தில் இறந்த செல்களாலான மெல்லிய அடுக்கு ஒன்று உண்டு. அதன் தடிப்பு பெரும்பாலான இடங்களில் ஒரு மில்லிமீட்டரில் 50ல் ஒரு பங்குக்கு மேல் இராது. ஆயினும் அதுவே கோட்டைச் சுவர். பொதுவாக, மூலக்கூறு எடை 500க்குக் குறைந்து, கொழுப்பிலும் நீரிலும் ஓரளவு கரையக்கூடிய பொருள்களே அதை எளிதில் ஊடுருவும்.

ஊடுருவும் வேகத்துக்கான விதியை 1855ல் அடால்ஃப் ஃபிக் என்ற ஜெர்மானியர் வகுத்தார். படலத்தின் இருபுறமும் செறிவு வேறுபாடு மிகுந்தால் வேகம் மிகும். படலம் தடித்தால் வேகம் குறையும். தோலோ ஆளுக்கு ஆள், இடத்துக்கு இடம் வேறுபடுவது. எனவே வேகத்தைத் தோலின் பொறுப்பில் விட முடியாது. வாய்க்காலின் தலைப்பில் சிறிய மதகு வைப்பதுபோல, தோலைவிட மெதுவாக மருந்தை விடும் படலம் ஒன்றை இடையில் வைத்தால் என்ன?

இவ்வகை முறைகளை உருவாக்க, உருகுவேயில் பிறந்த அலெஹாண்ட்ரோ சாஃபரோனி 1968ல் அமெரிக்காவில் ஆல்ஸா நிறுவனத்தைத் தொடங்கினார். அவர்கள் எடுத்துக்கொண்ட மருந்து ஸ்கோபொலமின். ஊமத்தையிலும் உள்ள இப்பொருளின் மூலக்கூறு எடை 303. பயண வாந்தியைத் தடுப்பது. 1944ல் நார்மண்டிக் கடற்கரைக்குச் சென்ற நேசநாட்டு வீரர்களுக்கு இது மாத்திரையாகத் தரப்பட்டது. அளவு மீறினாலோ நஞ்சு.

1979ல் அமெரிக்க அரசு இதன் பிளாஸ்திரியை அனுமதித்தது. பரப்பு 2.5 சதுர செ.மீ. வெளியே காப்புத்தாள், அடுத்து மருந்துத் தேக்கம், பிறகு நுண்துளைப் படலம், கடைசியில் பசை. காதின் பின்புறத் தோல் மருந்தை எளிதில் விடுவதால் அங்கே ஒட்டுகிறார்கள். வேகத்தைப் பெரும்பாலும் படலமே தீர்மானிக்கிறது. மூன்று நாள்களில் உள்ளே செல்வது சுமார் 1 மில்லிகிராம் மட்டுமே. வாய் வறட்சி அப்போதும் சிலருக்கு உண்டாகிறது.

பின்னர் 1991ல் புகையிலையின் நிக்கோட்டினும், 2009ல் மிளகாய்க்குக் காரம் தரும் கேப்சைசினும் பிளாஸ்திரி வடிவில் அமெரிக்காவில் அனுமதி பெற்றன. முன்னது புகைப் பழக்கத்தை விட உதவுவது. பின்னது நரம்புவலிக்கு உரியது.

இம்மூன்றிலும் இருப்பது முழுச் சாறு அன்று. ஒரே ஒரு பொருள். மூலிகைச் சாற்றில் பல பொருள்கள் கலந்திருக்கும். ஒவ்வொன்றும் தனக்குரிய வேகத்தில் தோலைக் கடக்கும். மேலும், செடியின் வயதையும் மண்ணையும் பொறுத்து அவற்றின் அளவு மாறும். நம் மூலிகைகளைப் பிளாஸ்திரியாக்க விரும்புவோர் எந்தப் பொருள் குணமாக்குகிறது, அது எவ்வளவு இருக்கிறது, எந்த வேகத்தில் நுழைகிறது என்ற மூன்றையும் முதலில் அளந்தாக வேண்டும். ஊமத்தை இலையை அரைத்துத் தோலில் பூசிப் பார்ப்பது சோதனை ஆகாது, அது ஆபத்து.