ஒற்றைக் கிருமியைத் தேடிய வரலாறு

நோய் ஒன்றுக்குக் கிருமி ஒன்று என்பது பத்தொன்பதாம் நூற்றாண்டு மருத்துவ உலகுக்கு அளித்த பெருங்கொள்கை. காசநோய்க்கும் காலராவுக்கும் அது நன்கு பொருந்திற்று. பெண்களுக்குப் பரவலாக வரும் ஒரு நோயிலோ அது தடுமாறிற்று. அந்நோயின் பெயர் பாக்டீரியல் வஜைனோசிஸ். யோனியில் இயல்பாக வாழும் நுண்ணுயிர்களின் சமநிலை குலைவதால் வருவது. இதனைக் கேட்க மாணவர் சிலர் கூசலாம். நுரையீரலைப் பற்றிப் பேசும்போது இல்லாத கூச்சம் இங்கு மட்டும் எதற்கு?

1892-இல் ஜெர்மானிய மருத்துவர் ஆல்பர்ட் டோடர்லைன், தாய்மாரைக் கொன்றுவந்த பிள்ளைப்பேற்றுக் காய்ச்சலை ஆராயப் புகுந்து, யோனியில் கோல்வடிவ நுண்ணுயிர்கள் வாழ்வதைக் கண்டார். லாக்டோபாசில்லஸ் எனப்படும் இவை, பாலைத் தயிராக்கும் உயிர்களுக்கு உறவு. யோனிச் சுவரிலுள்ள கிளைக்கோஜன் என்னும் மாவுப்பொருள் சிதைவதால் கிடைக்கும் சர்க்கரையை இவை லாக்டிக் அமிலமாக மாற்றுகின்றன. அந்தப் புளிப்பில் தீய கிருமிகள் பல தழைப்பதில்லை. கிருமி என்றாலே பகை என்று எண்ணிய காலத்தில், உடலைக் காக்கும் கிருமியும் உண்டு என்று காட்டியது சிறு செயலன்று.

1955-இல் அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் கார்ட்னர், டியூக்ஸ் என்னும் இருவர், நோயுற்ற பெண்களிடம் ஒரு புதிய கிருமியைக் கண்டு, குற்றவாளி அகப்பட்டான் என்றே அறிவித்தனர். ஆனால் அவர்களுடைய சோதனையே வேறொன்று சொல்லிற்று. தனித்து வளர்த்த கிருமியை நோயற்ற பெண்கள் பதின்மூவரிடம் செலுத்தினர். ஒருவருக்கே நோய் வந்தது. நோயாளியரின் கசிவை அப்படியே பதினைவரிடம் செலுத்தியபோது, பதினொருவருக்கு வந்தது! (இத்தகைய சோதனைக்கு இன்று எவரும் எளிதில் இசையார்.) கசிவில் வேறு துணைகளும் இருந்தன என்பதுதானே பொருள்? அக்கிருமிக்கு 1980-இல் கார்ட்னரெல்லா என்றே பெயர் சூட்டினர்.

லாக்டோபாசில்லஸ் குறைய, புளிப்புக் குறைகிறது. கார்ட்னரெல்லா சுவர்மீது படலமாகப் படிய, காற்றை வேண்டாத பல இனங்கள் அதனுடன் பெருகுகின்றன. அவை வெளியிடும் அமீன்களே மீன்வாடைக்குக் காரணம். இதனைத் தூய்மையின்மை என்று பெண்ணின்மேல் பழிசுமத்துவது அறியாமை. உட்புறத்தை நீர்பாய்ச்சிக் கழுவுவதே காவல் நுண்ணுயிர்களைக் குலைக்கும். கருவுற்றவர்க்கு இந்நோய் குறைமாதப் பேற்றின் அபாயத்தைக் கூட்டுவதால், அலட்சியமும் தகாது.

மருந்தால் தணிந்த நோய் பலரிடம் மீண்டும் வருவதேன் என்பது நெடுங்காலம் புதிராக இருந்தது. 2025-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், மனைவிக்கோ துணைவிக்கோ மட்டும் மருந்து கொடுத்தபோது 12 வாரங்களுக்குள் 63 விழுக்காட்டினரிடம் நோய் திரும்பிற்று. ஆணுக்கும் சேர்த்துக் கொடுத்தபோது அது 35 விழுக்காடாகக் குறைந்தது.