பால்குடிக்கும் பிள்ளையின் பங்கு

ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால் மகிழ்ச்சியோடு செலவும் உடன்பிறக்கிறது. பிள்ளை பெற்றவளுக்குப் பத்தியச் சோறு, பிள்ளைக்குத் துணி, எண்ணெய், மருந்து என்று நாள்தோறும் ஓடும் செலவு அது. இதனை முன்கூட்டியே எண்ணிக் கணக்கிடுவது மேல்நாட்டார் நமக்குக் கற்றுத் தந்த வழக்கம் என்று நம்மில் சிலர் கருதுகின்றனர். வேறு சிலரோ, மரம் வைத்தவன் தண்ணீர் ஊற்றுவான் என்று சொல்லி, கணக்குப் பார்ப்பதையே இறைவன்மீது வைத்த நம்பிக்கைக்குக் குறைவாக எண்ணுகின்றனர். இவ்விரு கருத்தும் நம் வரலாற்றை மறந்ததால் விளைந்தவை. பால்குடிக்கும் குழந்தைக்கு ஆண்டுக்கு இவ்வளவு என்று அரசின் பதிவேட்டில் எழுதி வைத்த சமுதாயம் நம்முடையது. அக்கணக்கில் நேர்ந்த ஒரு பிழையை எண்ணிக் கலீஃபா ஒருவர் தொழுகையில் நின்று கண்ணீர் வடித்ததும் நம் வரலாறே.

செவிலியர் தயங்கிய யத்தீம்

அரபகத்தில் பாலூட்டுதல் ஊதியம் பெறும் தொழிலாக இருந்தது. மக்கமாநகரின் குடும்பங்கள் தம் குழந்தைகளைப் பாலைவெளியில் வாழ்ந்த கோத்திரப் பெண்களிடம் ஒப்படைத்து வளர்ப்பது வழக்கம். அவ்வாறு பிள்ளை தேடி வந்த பனூ ஸஅத் கோத்திரத்துப் பெண்கள், நபிகள் நாயகம் (ஸல்) அவர்களை ஏற்கத் தயங்கினார்கள் என்று இப்னு இஸ்ஹாக் அவர்களின் வரலாறு கூறுகிறது. காரணம் எளிது. செவிலிக்கு வெகுமதி கொடுப்பவர் குழந்தையின் தந்தை. இக்குழந்தைக்கோ தந்தை இல்லை. இறுதியில் வேறு குழந்தை கிடைக்காத நிலையில், அன்னை ஹலீமா அவர்கள் திரும்பி வந்து அந்த யத்தீமை எடுத்துச் சென்றார்கள்.

அப்பெண்களை நாம் குறை கூறுவதற்கில்லை. அவர்கள் வறியவர்கள், பஞ்ச காலத்தில் வந்தவர்கள். ஆனால் இந்நிகழ்ச்சி ஓர் உண்மையைத் தெளிவாகக் காட்டுகிறது. செலவுக்குப் பொறுப்பேற்பார் இல்லையெனில், குழந்தை எத்துணைச் சிறப்புடையதாயினும் பால் கிடைப்பது அரிது. பின்னாளில் வந்த சட்டங்கள் அனைத்தும் இந்த இடைவெளியை அடைக்க வந்தவையே என்று சொல்லலாம்.

திருமறை வகுத்த பொறுப்பு

திருமறையின் இரண்டாம் அத்தியாயத்து 233ஆம் வசனம் இத்துறையில் ஒரு முழுச் சட்டம் போன்றது. பாலூட்டலை நிறைவாக்க விரும்புவோர்க்கு அது இரண்டு முழு ஆண்டுகளை வகுக்கிறது. அக்காலத்தில் தாய்க்குரிய உணவையும் உடையையும் நியாயமான முறையில் அளிப்பது தந்தையின் கடமை என்கிறது. குழந்தையைக் காரணமாக்கித் தாயையும் வருத்தலாகாது, தந்தையையும் வருத்தலாகாது. தந்தை இல்லையேல் அப்பொறுப்பு வாரிசைச் சேரும். பால் மறக்கச் செய்வதாயின் தாயும் தந்தையும் கலந்து பேசி, இருவரும் மனமொப்பிச் செய்ய வேண்டும். செவிலியை அமர்த்தினால் அவளுக்குரிய கூலியை முறைப்படி கொடுத்துவிட வேண்டும். 65ஆம் அத்தியாயமோ, வசதியுள்ளவர் தம் வசதிக்கேற்பவும், வருவாய் குறைந்தவர் இறைவன் தமக்குத் தந்ததிலிருந்தும் செலவிட வேண்டும் என்கிறது.

இங்கே நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. குழந்தையின் உணவுச் செலவைத் திருமறை தாயின் உணவாகவும் உடையாகவும் சேர்த்தே கூறுகிறது. பால்குடிக்கும் பிள்ளைக்குச் சோறு தாயின் தட்டில்தான் இருக்கிறது. தாயின் செலவைக் குறைத்துக்கொண்டு, பிள்ளைக்குக் குறை வைக்கவில்லை என்று எவரும் சொல்லிக்கொள்ள முடியாது.

அபூ ஸுஃப்யான் (ரலி) அவர்களின் மனைவி ஹிந்த் (ரலி) அவர்கள், தமக்கும் தம் பிள்ளைக்கும் போதுமான அளவு கணவர் தருவதில்லை என்று அண்ணலாரிடம் முறையிட்டபோது, நியாயமான முறையில் போதுமான அளவைக் கணவரின் பொருளிலிருந்து எடுத்துக்கொள்ள அண்ணலார் அனுமதித்தார்கள். புகாரீ ஷரீஃபில் வரும் இச்செய்தியைக் கொண்டே, பிள்ளையின் செலவு தந்தையின் தயவு அன்று, பிள்ளையின் உரிமை என்று சட்ட மேதைகள் முடிவு கண்டனர்.

திவானில் ஏறிய மழலை

ஹஸ்ரத் உமர் (ரலி) அவர்களின் கிலாஃபத் கி.பி. 634 முதல் 644 வரை நடந்தது. பைத்துல் மாலில் வந்து குவிந்த செல்வத்தைப் பங்கிட அவர்கள் திவான் என்னும் பதிவேட்டை ஏற்படுத்தினார்கள். அது ஹிஜ்ரி 15ஆம் ஆண்டு என்பர் சிலர்; 20ஆம் ஆண்டு என்பர் வேறு சிலர். பத்ருப் போரில் பங்கு கொண்டோர்க்கு ஆண்டுக்கு 5000 திர்ஹம் என்று தொடங்கி, பின்னர் வந்து சேர்ந்த எளிய வீரர்க்கு 300, 200 என்று அப்பட்டியல் இறங்கியது. குழந்தைகளுக்கும் அதில் இடம் உண்டு. ஆயின் தொடக்கத்தில் பால் மறந்த குழந்தைகளுக்கு மட்டுமே உதவித்தொகை எழுதப்பட்டது. பால்குடிக்கும் பிள்ளைக்குத் தனிச் செலவு ஏது என்ற எண்ணம் அதற்குக் காரணமாயிருக்கலாம்.

அதன் விளைவு என்ன என்பதை இப்னு ஸஅத் அவர்கள் (மறைவு கி.பி. 845) தம் தபகாத் நூலில் பதிந்துள்ளார்கள். மதீனாவின் தொழுகைத் திடலில் வணிகர் கூட்டம் ஒன்று வந்து தங்கியது. அன்றிரவு அவர்களுக்குக் காவலாக உமர் (ரலி) அவர்களும் அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப் (ரலி) அவர்களும் விழித்திருந்தார்கள். ஒரு குழந்தை அழும் குரல் கேட்டது. கலீஃபா சென்று, பிள்ளையைக் கவனிக்குமாறு தாயிடம் சொல்லித் திரும்பினார்கள். மறுபடியும் அழுகை, மறுபடியும் சென்றார்கள். இரவின் கடைசிப் பகுதியில் மீண்டும் அழுகை கேட்கவே, அத்தாயைக் கடிந்துகொண்டார்கள். வந்தவர் யாரென அறியாத அப்பெண், தான் பிள்ளையைப் பால் மறக்கச் செய்ய முயல்வதாகவும் அது மறுத்து அழுவதாகவும் சொன்னாள். ஏன் இந்த அவசரம் என்று கேட்டபோது, பால் மறந்த பிள்ளைக்கு மட்டுமே உமர் உதவித்தொகை தருகிறார் என்றாள். பிள்ளைக்கு வயது சில மாதங்களே.

அன்று ஃபஜ்ருத் தொழுகையில் கலீஃபா ஓதியது அழுகையினால் மக்களுக்குத் தெளிவாகக் கேட்கவில்லை. தொழுகை முடிந்ததும், தம் ஆணையால் முஸ்லிம்களின் பிள்ளைகள் எத்தனை பேர் மாண்டனரோ என்று தம்மைத் தாமே நொந்துகொண்டார்கள். பின்னர், எவரும் பிள்ளைகளை அவசரப்பட்டுப் பால் மறக்கச் செய்ய வேண்டாம் என்றும், பிறந்த ஒவ்வொரு குழந்தைக்கும் பங்கு உண்டு என்றும் பறைசாற்றச் செய்தார்கள். எல்லா மாகாணங்களுக்கும் எழுதினார்கள்.

இந்நிகழ்ச்சியைக் கலீஃபாவின் இளகிய மனத்திற்குச் சான்றாகவே நம் மேடைகளில் கூறுகிறோம். அது உண்மையே. ஆயினும் அதனுள் மற்றொரு பாடமும் இருக்கிறது. விதியை எழுதியவர் தீயவர் அல்லர். அதற்கேற்ப நடந்த தாயும் தீயவள் அல்லள். கணக்கில் ஒரு வரி இடம் மாறி நின்றது. அதன் துன்பம் குழந்தையின் வயிற்றில் போய் விழுந்தது. வரியை மாற்றியதும், பிள்ளைகளை அவசரமாய்ப் பால் மறக்கச் செய்யும் தேவையே இல்லாமற் போயிற்று.

நூறு திர்ஹத்தின் மதிப்பு

பிறந்த குழந்தைக்கு எழுதப்பட்ட தொகை ஆண்டுக்கு 100 திர்ஹம். பிள்ளை வளர்ந்ததும் அது 200 ஆகும். பருவமடைந்ததும் மேலும் கூடும். கண்டெடுக்கப்பட்ட குழந்தைக்கும் இதே 100 திர்ஹம் உண்டு. அதன் பாலூட்டுச் செலவும் பராமரிப்பும் பைத்துல் மாலைச் சாரும். தந்தையற்ற பிள்ளை என்று செவிலியர் தயங்கிய அந்தப் பழைய இடைவெளி இவ்வாறு அடைபட்டது.

நூறு திர்ஹம் எவ்வளவு பெறும்? பத்துத் திர்ஹம் ஏழு மிஸ்கால் என்னும் அளவுப்படி, 100 திர்ஹம் ஏறத்தாழ 300 கிராம் வெள்ளி. ஆனால் வெள்ளியின் எடையைவிடச் சந்தை விலையே நமக்குத் தெளிவு தரும். முதல் கலீஃபா அபூபக்கர் (ரலி) அவர்களின் ஸகாத் கடிதத்தில், உரிய வயதுடைய ஒட்டகம் இல்லாதபோது அதற்கு ஓராண்டு இளைய ஒட்டகத்தோடு ஈடாகத் தர வேண்டியது இரண்டு ஆடுகள் அல்லது 20 திர்ஹம் என்று காண்கிறோம். ஆடு ஒன்று பத்துத் திர்ஹம் எனில், குழந்தையின் ஓராண்டுப் பங்கு பத்து ஆடுகளின் விலையாகும். 200 திர்ஹம் உடையவர்மீது ஸகாத் கடமையாகிறது. அந்த அளவில் பாதி, தொட்டிலில் கிடக்கும் பிள்ளையின் பெயரில் ஆண்டுதோறும் எழுதப்பட்டது. நாட்கணக்கில் பார்த்தால் மூன்றரை நாளுக்கு ஒரு திர்ஹம்.

இவ்வளவுகள் கண்மூடி வகுத்தவை அல்ல. மக்களுக்கு மாதந்தோறும் தரவேண்டிய தானியத்தை நிர்ணயிக்க உமர் (ரலி) அவர்கள் கையாண்ட முறையை அபூ உபைத் அவர்களும் (மறைவு கி.பி. 838) பலாதுரீ அவர்களும் (மறைவு கி.பி. 892) எழுதியுள்ளனர். ஒரு ஜரீப் தானியத்தை மாவாக்கி ரொட்டி சுட்டு, அதனை எண்ணெயில் ஊறவைத்து, முப்பது பேரை அழைத்துப் பகலில் உண்ணச் செய்தார்கள். மாலையிலும் அவ்வாறே செய்தார்கள். முப்பது பேருக்கு ஒரு நாளைக்கு இரண்டு ஜரீப் போதுமெனில், ஒருவருக்கு முப்பது நாளைக்கு இரண்டு ஜரீப் போதும் என்று முடிவு செய்தார்கள். ஆண், பெண், அடிமை அனைவருக்கும் ஒரே அளவு. வீட்டுச் செலவை உண்டு பார்த்துக் கணக்கிட்ட அரசு அது!

இவ்வேற்பாடு என்றும் நிலைத்து நிற்கவில்லை. முஆவியா (ரலி) அவர்களின் காலத்தில் குழந்தைகளின் பங்கு மீண்டும் பால் மறந்தவர்க்கு மட்டும் என்று குறுகியதாகவும், அப்துல் மலிக் ஆட்சியில் (கி.பி. 685–705) அவர் விரும்பியவர் தவிரப் பிறர்க்கு நின்றுபோனதாகவும் பலாதுரீ கூறுகிறார். அரசின் கை சுருங்கியபின் குழந்தைக்கு அரணாக நின்றது ஃபிக்ஹு என்னும் சட்டக்கலையே.

எண்ணெய்ச் செலவு யாருடையது?

நம் இமாம்கள் இச்செலவை எத்துணை நுணுக்கமாக ஆராய்ந்தனர் என்பதற்கு, கி.பி. 1197இல் மறைந்த மர்கீனானீ அவர்களின் ஹிதாயா ஒரு சான்று. செவிலியை அவளது உணவும் உடையுமே கூலியாகக் கொண்டு அமர்த்தலாமா? கூலி இவ்வளவு என்று திட்டமாகத் தெரிய வேண்டும் என்பது பொதுவிதி. உணவின் அளவோ திட்டமானதன்று. ஆயினும் செவிலி விஷயத்தில் மட்டும் இமாம் அபூ ஹனீஃபா (ரஹ்) அவர்கள் அதனை அனுமதித்தார்கள். பிள்ளைமீது கொண்ட பரிவால் மக்கள் செவிலிக்குத் தாராளமாகவே கொடுப்பர். ஆகவே அங்கே சச்சரவு எழாது என்பது காரணம். அவர்களின் மாணவர் இருவரும் இதில் மாறுபட்டனர்.

பிள்ளையின் உணவைப் பக்குவப்படுத்துவது செவிலியின் வேலை. அவ்வுணவின் விலை தந்தையைச் சார்ந்தது. பிள்ளைக்குத் தேய்க்கும் எண்ணெய் யாருடைய செலவு? அது செவிலியுடையது என்று இமாம் முஹம்மத் (ரஹ்) அவர்கள் கூறியது கூஃபா நகரத்தாரின் வழக்கத்தை ஒட்டியது என்று ஹிதாயா விளக்குகிறது. தாய்ப்பாலுக்குப் பதில் ஆட்டுப்பாலைப் புகட்டி வளர்த்த செவிலிக்குக் கூலி இல்லை என்பதும் அந்நூலின் தீர்ப்பு.

நம் கடற்கரையூர்களில் பெரும்பான்மையோர் பின்பற்றும் ஷாஃபிஈ மத்ஹபில், பிரசவித்தவுடன் சுரக்கும் சீம்பாலைப் பிள்ளைக்கு ஊட்டுவது தாய்மீது கடமை. மனைவிக்குரிய உணவு, கணவன் செல்வனாயின் நாளொன்றுக்கு இரண்டு முத்து, நடுத்தரமாயின் ஒன்றரை, வறியவனாயின் ஒன்று என அளந்து கூறப்படுகிறது. பிள்ளைக்கோ அளவு இல்லை. போதுமான அளவே அளவு. பிள்ளையின் தேவை மாதந்தோறும் மாறுவதை அறிந்து வகுத்த விதி இது. தந்தை வெளியூரில் இருந்தாலோ, தர மறுத்தாலோ, காழீ ஒரு தொகையை நிர்ணயித்து, அவன் பெயரில் கடன் வாங்கிச் செலவிடத் தாய்க்கு அனுமதி அளிப்பார். உதுமானியர் காலத்து நீதிமன்றப் பதிவேடுகளில் இத்தகைய தீர்ப்புகள் நிறையக் காணப்படுகின்றன.

நம் இல்லங்களில்

இத்துணைத் தெளிவான மரபுக்கு வாரிசுகளான நாம் இன்று என்ன செய்கிறோம்? தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது தமிழகத்தின் பழைய வழக்கம். மகளைத் தாயார் அருகிருந்து கவனிப்பதில் குற்றம் ஏதும் இல்லை, அது நல்லதே. ஆனால் அவ்வழக்கத்தோடு ஒட்டிக்கொண்டு, மருத்துவச் செலவு முதல் நாற்பதாம் நாள் பிள்ளைக்குப் போடும் நகை வரை பெண்ணைப் பெற்றவரின் தலையில் ஏறிவிடுகிறது. திருமறை தந்தைக்கு விதித்த செலவைப் பாட்டனார் கடன் வாங்கிச் செய்கிறார். தந்தையோ அதனைத் தமக்குரிய மரியாதையாக எண்ணுகிறார். 233ஆம் வசனத்தை ஓதத் தெரிந்த வீடுகளிலும் இது நடப்பதுதான் வேதனை.

அகீகாவையும் எண்ணிப் பார்ப்போம். ஆண் பிள்ளைக்கு இரண்டு ஆடு, பெண் பிள்ளைக்கு ஓர் ஆடு என்பது வசதியுள்ளவர்க்குரிய ஸுன்னத். ஊரழைத்துப் பந்தலிட்டுக் கடன்படுவது ஸுன்னத் அன்று. குழந்தையின் ஓராண்டுப் பங்காகக் கலீஃபா எழுதிய தொகை நம் கணக்கில் பத்து ஆட்டின் விலை; அதில் இரண்டு ஆடே அகீகாவுக்குரியது. நாமோ பத்து ஆட்டையும் ஒரே பகலில் அறுத்துவிட்டு, மறுநாள் பாலூட்டும் தாயின் முட்டைக்கும் மீனுக்கும் கணக்குப் பார்க்கிறோம்.

ஒருவர் செலவிடும் பொற்காசுகளில் நற்கூலி மிக்கது தம் குடும்பத்தார்க்குச் செலவிட்டதே என்று அண்ணலார் அருளியதாக முஸ்லிம் ஷரீஃபில் காண்கிறோம். ஆகவே பிள்ளை பிறக்கும் முன்பே கணவனும் மனைவியும் உட்கார்ந்து, தாயின் உணவுக்கு இவ்வளவு, மருத்துவத்துக்கு இவ்வளவு, துணிக்கு இவ்வளவு என்று எழுதட்டும். அந்த ஏட்டில் தந்தையின் பெயர் முதலில் இருக்கட்டும். பெண்வீட்டார் தருவது அன்பளிப்பாக மட்டும் நிற்கட்டும். கேட்டுப் பெறும் பாக்கியாக வேண்டாம். ஜமாஅத்தார் தம் மஹல்லாவில் தந்தையற்ற பச்சிளங்குழந்தை உண்டா என்று கேட்டறிந்து, அதன் தாய்க்கு மாதந்தோறும் உதவ ஒரு வரி எழுதி வைக்கட்டும்.

இறையச்சமுள்ள கலீஃபாவின் கணக்கிலும் ஒருமுறை பிழை நேர்ந்தது. அழுகுரல் கேட்டதும் விடிவதற்குள் அதைத் திருத்த முனைந்தது அவர்களின் பெருமை. நம் வீட்டுக் கணக்கைத் திருத்திக்கொள்ளும் தெளிவை வல்ல இறைவன் நமக்கும் அருள்வானாக! ஆமீன்.