மறுபாதி

பழைய டிரங்குப் பெட்டியைக் குடைந்தபோது 1974-ல் கோவில்பட்டியிலிருந்து நண்பன் எழுதிய ரிப்ளை கார்டு கிடைத்தது. இரண்டு கார்டுகள் ஒட்டினாற்போல் மடிந்திருக்குமே, அதுதான். ஒரு பாதியில் அவன் எழுத்து. பதிலுக்கான மறுபாதியில் அவன் முகவரி மட்டும்.

1869-ல் ஆஸ்திரியா-ஹங்கேரியில் பிறந்த தபால் அட்டை, 1879 ஜூலை 1-ல் நம் நாட்டுக்கு வந்தது. விலை காலணா. மூடி மறைக்க உறை கிடையாது. தபால்காரரே வாசலில் நின்று படித்துச் சொல்லிவிடுவார். நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியிருந்தால் கல்யாணச் சேதி. கறுப்பு மை என்றால் சாவுச் சேதி. அதைப் படித்ததும் வெளியிலேயே கிழித்துப் போடுவார்கள்.

என் கார்டில் இரண்டும் இல்லை. "உங்க கம்பெனியில ஆள் எடுக்காங்களான்னு ஒரு வரி எழுது" என்று கேட்டிருந்தான்.

கோவில்பட்டியிலும் சிவகாசியிலும் கையால் குச்சி அடுக்கித் தீப்பெட்டி செய்தார்கள். இங்கே, 1923-ல் சுவீடன்காரர்கள் தொடங்கிய வெஸ்டர்ன் இந்தியா மேட்ச் கம்பெனியில் எல்லாம் இயந்திரம். அந்த 'விம்கோ'தான் நம் பேட்டைக்கே பெயர் கொடுத்தது. அதனால் அவனுக்கு இந்த ஊர் மேல் ஒரு கண்.

நானோ அப்போது வேறொரு ஆலையில் தற்காலிகத் தொழிலாளி. ஊரில் 'விம்கோவில் நிரந்தரம்' என்று பெருமையடித்திருந்தேன். உண்மையை எழுத வெட்கம். நாளை எழுதலாம் என்று தள்ளிப்போட்டேன். எழுதவே இல்லை.

கோவில்பட்டி பக்கத்து இடைசெவலில் பிறந்தவர்கள் கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். நண்பர் எழுதிய கடிதங்களைக் கி.ரா. பத்திரப்படுத்திப் புத்தகமாகவே போட்டார். நானும் பத்திரப்படுத்தியிருக்கிறேன், பதில் போடாத கடிதத்தை!

பல வருடம் கழித்து ஒரு கல்யாணத்தில் பார்த்தேன். "ஏல, மறுபாதிக்கும் நாந்தானல காசு கொடுத்தேன்? அதைப் போடக்கூட ஒனக்கு மனசு வரலியா?" என்று சிரித்தான். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை. நானும் சிரித்து வைத்தேன்.

2021-ல் விம்கோ நகருக்கு மெட்ரோ வந்தது. ஒருமுறை வா, ஏற்றிக் காட்டுகிறேன் என்றேன். வருகிறேன் என்றான். போன வருடம் அவன் மகன் கைப்பேசியில் செய்தி அனுப்பினான். மூலையில் கறுப்பு மை இல்லை. கிழித்துப் போடவும் வழியில்லை.

நேற்று அந்த மறுபாதியில், "நான் விம்கோவில் இல்லையடா" என்று ஒரே ஒரு வரி எழுதினேன். முகவரி ஏற்கெனவே அவன் கையெழுத்தில் இருக்கிறது. மடித்து, பெட்டியிலேயே வைத்துவிட்டேன்.