40 கிலோமீட்டருக்குள் நாலு கொடி

அமெரிக்காவில் இருக்கும் நம் பழைய மாணவர் ஒருவர், சிகாகோவிலிருந்து ரூட் 66 வழியாகக் காரில் போன படங்களை அனுப்பியிருந்தார். 1926இல் எண் கொடுத்து, 1985இல் பட்டியலிலிருந்து எடுத்துவிட்ட நெடுஞ்சாலை. அதற்கே அங்கே அருங்காட்சியகம் வைத்திருக்கிறார்கள்! "சார், நம்ம பக்கம் இப்படி ஒரு ரோடு உண்டா?" என்று கேட்டிருந்தார்.

உண்டு தம்பி. நீ சைக்கிளில் பள்ளிக்கு வந்த ரோடுதான்.

நாகப்பட்டினத்தை 1658இல் போர்ச்சுக்கீசியரிடமிருந்து டச்சுக்காரர் பிடித்தார்கள். 1781இல் அது ஆங்கிலேயர் கைக்குப் போனது. வடக்கே தரங்கம்பாடியில் 1620இல் டென்மார்க்காரர் கோட்டை கட்டி, 1845இல் ஊரையே ஆங்கிலேயருக்கு விற்றுவிட்டுப் போனார்கள். நடுவில் நம் காரைக்கால், 1739 முதல் பிரெஞ்சுக்காரரிடம். எல்லாம் ஒரே பஸ் ரூட்.

தெற்கே வாஞ்சூர், வடக்கே நண்டலாறு. வாஞ்சூர் என்றதும் இன்றைக்கு எது ஞாபகம் வருகிறது என்று எனக்கும் தெரியும், சிரிக்க வேண்டாம். 1954 நவம்பர் 1 வரை அது இன்னொரு நாட்டின் எல்லை. சட்டப்படி முழுமையாகக் கைமாற 1962 ஆகஸ்ட் 16 ஆனது.

ஆனால் இந்த ரோட்டில் எனக்குப் பெரிதாகத் தெரிவது கோட்டையும் கொடியும் அல்ல, நடந்து வந்த சனங்கள்தான். 1848இல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் வேண்டியிருந்தது. 1853இல் மார்த்தினிக்குக்கும் 1854இல் குவாதலூப்புக்கும் இந்தியக் கூலிகளின் முதல் கப்பல்கள் போய்ச் சேர்ந்தன. 1861 ஒப்பந்தத்துக்குப் பிறகு ஆங்கிலேயர் ஆட்சிப் பகுதி ஆட்களையும் அந்தத் தீவுகளுக்குப் பிரெஞ்சுத் துறைமுகங்களில் ஏற்றலாம் என்றானது. அதில் காரைக்காலும் ஒன்று. தஞ்சாவூர்ச் சீமைக் கிராமங்களிலிருந்து வந்து, ஐந்து வருட ஒப்பந்தத்துக்குக் கைநாட்டு வைத்துவிட்டு ஏறினார்கள். ஐந்து வருடம் என்று போனவர்களில் பெரும்பாலோர் திரும்பவில்லை. ரெயூனியனுக்குப் போனவர்கள் கதையும் இதேதான். 1880களில் இந்த ஏற்றுமதி நின்றது. ஏற்றுமதி என்றுதான் சொல்ல வேண்டும், வேறு சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

குவாதலூப்பில் இன்றும் முத்துசாமி, ராமசாமி என்பவை குடும்பப் பெயர்கள். தமிழ் போய்விட்டது, மாரியம்மன் மட்டும் 'மலியெமேன்' ஆகி நிற்கிறாள்.

ஊருக்கு வரும் பிள்ளைகள் அரசலாறு கடலில் சேரும் இடத்துக்கும் ஒருமுறை போய்ப் பாருங்கள். உங்கள் வீட்டில் "பெரிய தாத்தாவுக்கு ஒரு தம்பி இருந்தாராம், கப்பலேறிப் போனவர் வரவே இல்லை" என்று பேச்சு இருந்தால், அவர் பெயரையும் ஊரையும் பெரியவர்களிடம் கேட்டு எனக்கு எழுதுங்கள். ஒரு நோட்டில் எழுதி வருகிறேன். இதுவரை பதினோரு பெயர் சேர்ந்திருக்கிறது.