நீதிபதி விடுத்த தூது

தூது என்பது தமிழருக்குப் புதியதன்று. அதியமானுக்காகத் தொண்டைமானிடம் தூது சென்றவர் ஔவையார். தூதுக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவப் பெருந்தகையார், தனக்கு அழிவு நேர்வதாயினும் தன் அரசனுக்கு நன்மை தேடித் தருபவனே தூதன் என்று அதனை முடித்து வைக்கின்றார். ஆனால், அரசன் எவனும் அனுப்பாமல், பதவியும் இல்லாமல், முதுமையில் தம் நாட்டுக்காகக் கடல் கடந்து தூது விடுத்த தமிழர் ஒருவர் உண்டு. அவரே மணி ஐயர் என்று மக்கள் அன்புடன் அழைத்த சர் எஸ். சுப்பிரமணிய ஐயர். தாயகத்தை விட்டுத் தொலைவில் வளரும் நம் காலனிப் பிள்ளைகள் அவர் பெயரைக்கூடக் கேட்டிருக்க மாட்டார்கள். ஆகவே இம்மலரில் அவரைப் பற்றிச் சில சொற்கள் எழுதத் துணிந்தேன்.

1842ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் மதுரைச் சீமையில் பிறந்தவர் அவர். முதலில் குமாஸ்தாவாக வேலை பார்த்தார்; தம் சொந்த முயற்சியால் சட்டம் பயின்றார். 1869 முதல் 1885 வரை மதுரையில் வக்கீல் தொழில் நடத்திப் புகழ் பெற்றபின் சென்னைக்குக் குடியேறினார். அவ்வாண்டு டிசம்பரில் பம்பாயில் கூடிய முதல் காங்கிரஸ் மகாசபைக்குச் சென்ற 72 பிரதிநிதிகளுள் அவரும் ஒருவர். 1888இல் சென்னையின் அரசாங்க வக்கீலானார். அப்பதவியை ஏற்ற முதல் இந்தியர் அவரே. 1895இல் உயர்நீதிமன்ற நீதிபதியானார். 1899, 1903, 1906 ஆகிய ஆண்டுகளில் மும்முறை தற்காலிகப் பிரதம நீதிபதியாகவும் வீற்றிருந்தார். 1900இல் சர் பட்டம் வந்தது. 1904இல் சென்னைப் பல்கலைக் கழகத்தின் முதல் இந்தியத் துணைவேந்தர் என்ற பெருமையும் அவரைச் சேர்ந்தது. பார்வை குன்றவே 1907இல் பதவியிலிருந்து ஓய்வு பெற்றார்.

இவ்வளவோடு நின்றிருந்தால், மதிப்பும் ஓய்வூதியமும் குறைவின்றிப் பெற்று அமைதியாக வாழ்ந்து மறைந்திருப்பார். ஆனால் 1916இல் அன்னி பெசன்ட் அம்மையார் தொடங்கிய ஹோம்ரூல் இயக்கத்தின் கௌரவத் தலைவராக இருக்க அவர் இசைந்தார். 1917 ஜூன் மாதத்தில் சென்னை அரசாங்கம் அம்மையாரை உதகையில் காவலில் வைத்தது. அதே ஆண்டு ஏப்ரலில்தான், உலகில் ஜனநாயகத்தைக் காக்கவென்று அறிவித்து, அமெரிக்கா போரில் இறங்கியிருந்தது. அந்நாட்டின் ஜனாதிபதி வில்ஸனுக்கு மணி ஐயர் ஜூன் 24ஆம் நாளிட்டு ஒரு கடிதம் வரைந்தார். பிறர் விடுதலைக்காக இந்திய வீரர்கள் இரத்தம் சிந்துகையில், இந்தியாவுக்கே அவ்விடுதலை மறுக்கப்படுகிறதே என்று முறையிட்டார். சுயாட்சி தருவதாக உடனே வாக்களித்தால் மூன்று மாதங்களில் 50 லட்சம் பேரும், அடுத்த மூன்று மாதங்களில் மேலும் 50 லட்சம் பேரும் போர்முனைக்கு வருவர் என்றும் எழுதினார். அந்நாளில் தபாலுக்குத் தணிக்கை உண்டு. ஆகவே ஹாட்ச்னர் என்னும் அமெரிக்கத் தம்பதியர் அக்கடிதத்தைத் தம்முடனே எடுத்துச் சென்றனர்.

கோப்புகளுக்கு இடையே இருபதாண்டுகளுக்கு மேல் கழித்துவிட்ட ரயில்வே குமாஸ்தா நான். எந்த விண்ணப்பமும் மேலதிகாரியின் வழியாகவே செல்லவேண்டும் என்பது எங்களுக்குப் பாலபாடம். மேலதிகாரியின் மீதே குறை கூற நேர்ந்தால் அதனை எந்த வழியில் அனுப்புவது? அந்தக் கேள்விக்கு விடை தெரியாமல் மேஜை இழுப்பறையிலேயே உறங்கிப்போன விண்ணப்பங்களை நான் கண்டிருக்கிறேன். என்னுடையதும் அவற்றுள் ஒன்று. மணி ஐயரோ, எந்த அரசாங்கம் தமக்கு ஓய்வூதியம் வழங்கிற்றோ, அதன்மீதே உலகறிய முறையிட்டார். பெயரை மறைக்கவில்லை, நீதிபதியாக இருந்தவர் என்பதையும் மறைக்கவில்லை.

கடிதம் அமெரிக்காவில் அச்சாகிப் பரவியது. 1917 டிசம்பரில் இந்தியா மந்திரி மாண்டேகும் வைஸ்ராய் செம்ஸ்போர்டும் சென்னைக்கு வந்தபோது, சீர்திருத்தம் பற்றிக் கருத்துரைக்கச் சென்ற அம்முதியவரை வைஸ்ராய் நேரிலேயே கடிந்துகொண்டார். 1918இல் பிரிட்டிஷ் பாராளுமன்றத்திலும் மாண்டேகு அக்கடிதத்தைக் கடுமையாகக் கண்டித்தார். மணி ஐயர் வருத்தம் தெரிவிக்கவில்லை. சர் பட்டத்தையும் திவான் பகதூர் பட்டத்தையும் துறந்துவிட்டார். அப்போது அவருக்கு வயது 75.

அவர் விடுத்த தூதினால் சுயாட்சி வந்துவிட்டதா எனில், இல்லை. ஒரு கோடி வீரர் என்ற கணக்கும் ஆர்வத்தால் பெருகியதே. அப்போர் முழுவதிலும் இந்தியாவிலிருந்து கடல் கடந்து சென்றவர்கள் பத்து லட்சத்துக்குச் சற்று மேற்பட்டவர்களே. எனினும், தூதின் சிறப்பைக் கிடைத்த பயனைக் கொண்டு மட்டும் அளத்தல் முறையாகாது. இந்தியரின் குறையை ஆங்கில ஆட்சியாளரிடம் மட்டுமே சொல்லலாம் என்றிருந்த நாளில், அதனை உலகத்தின் முன்னிலையில் வைக்கலாம் என்று அவர் காட்டினார். வாழ்நாளெல்லாம் வாதிகளின் முறையீட்டைக் கேட்டிருந்த நீதிபதி, இறுதியில் தம் நாட்டின் முறையீட்டைத் தாமே ஏந்தி நின்றார்.

1924 டிசம்பர் 5ஆம் நாள் அப்பெரியார் மறைந்தார். பட்டம் பெற்ற தமிழர் பலர். பெற்றதைத் திருப்பித் தரும் நெஞ்சுரம் வாய்த்தவர் சிலரே. பிள்ளைகளுக்குப் பெரியோர் கதைகளைச் சொல்லும்போது, அவர்கள் ஏறிய பதவிகளோடு நின்றுவிடாமல், எதற்காக எதனை இழக்கத் துணிந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்வோமாக. வாழ்க மணி ஐயர் புகழ்!