வெப்ப இயந்திரத்தின் பயனுறுதிறன்: நிலக்கரிக் கணக்கிலிருந்து இரண்டாம் விதி வரை

வெப்ப இயக்கவியலைப் பாடநூல்கள் எண் வரிசையில் கற்பிக்கின்றன: முதல் விதியாக ஆற்றல் அழியாமை, இரண்டாம் விதியாக வெப்ப இயந்திரத்துக்குள்ள வரம்பு. வரலாறு நடந்தது தலைகீழாக. வரம்பு 1824இலேயே வகுக்கப்பட்டது. ஆற்றல் அழியாமை நிலைபெற மேலும் கால் நூற்றாண்டு ஆயிற்று. வெப்பத்தின் இயல்பைத் தவறாகக் கொண்டிருந்த காலத்தில் இந்த வரம்பு எவ்வாறு கிட்டியது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது.

சுரங்கத்துக் கணக்கு

1712இல் இங்கிலாந்தின் டட்லி அருகே நியூகோமன் நிறுவிய இயந்திரம் சுரங்க நீரை இறைத்தது. நீராவியை சிலிண்டருக்குள்ளேயே குளிர வைத்ததால், ஒவ்வொரு சுற்றிலும் சிலிண்டரை மீண்டும் சூடாக்க நேர்ந்தது. நிலக்கரி தந்த வெப்பத்தில் நூற்றில் ஒரு பங்களவே வேலையாயிற்று. ஜேம்ஸ் வாட் 1769இல் காப்புரிமை பெற்ற தனிக் குளிர்கலம் இந்த வீணடிப்பைக் குறைத்தது. நிலக்கரி கிடைக்காத கார்ன்வாலில், மிச்சமான எரிபொருளின் மதிப்பில் மூன்றில் ஒரு பங்கை போல்ட்டனும் வாட்டும் கட்டணமாகப் பெற்றனர். கட்டணத்துக்கு ஓர் அளவீடு வேண்டியிருந்தது: ஒரு புஷல் நிலக்கரி எத்தனை பவுண்டு நீரை ஓரடி உயர்த்துகிறது என்பதே அது. 1811இல் ஜோயல் லீன் தொடங்கிய மாத அறிக்கைகள் இயந்திரங்களை இந்த எண்ணால் ஒப்பிட்டன. வாட்டின் இயந்திரம் எட்டியது ஏறத்தாழ 2 கோடி. ஃபோவே கன்சோல்ஸ் சுரங்கத்தின் இயந்திரம் 1835ஆம் ஆண்டுச் சோதனையில் 12.5 கோடியைத் தொட்டது. இந்த ஏற்றம் எங்கே நிற்கும் என்பதைக் கணக்கேடுகளால் சொல்ல முடியவில்லை.

கார்னோவின் வாதம்

அக்கேள்வியை 1824இல் பாரிஸில் வெளியிட்ட நூலில் எழுப்பியவர் பொறியாளர் சாடி கார்னோ. வெப்பம் ‘கலோரிக்’ என்னும் அழியாத பாய்மம் என்றே அவரும் கொண்டார். மேலிருந்து விழும் நீர் சக்கரத்தைச் சுழற்றுவதுபோல், சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு இறங்கும் கலோரிக் வேலை தருகிறது என்றார். மீள் முறையில் இயங்கும் இயந்திரத்தைப் பின்னோக்கி ஓட்டினால் வெப்பத்தை மேலேற்றலாம். அதனினும் திறன்மிக்க ஒன்று இருந்தால், இரண்டையும் இணைத்து எரிபொருளின்றி ஓயாமல் வேலை பெறலாம். அது நடவாது, ஆகவே உச்சத் திறனை இரு வெப்பநிலைகளே தீர்மானிக்கின்றன, செயல்படு பொருள் நீராவியா காற்றா என்பது அன்று.

நூல் கவனம் பெறவில்லை. 1832இல், 36 வயதில், கார்னோ காலராவுக்குப் பலியானார். 1834இல் பொறியாளர் கிளாப்பெய்ரோன் அவ்வாதத்தை அழுத்த–கனஅளவு வரைபடமாக்கியதால்தான் அது அடுத்த தலைமுறைக்குக் கிட்டியது. 1845இல் பாரிஸ் வந்த இயற்பியலாளர் வில்லியம் தாம்சன் மூலநூலைத் தேடியும் கிடைக்கவில்லை.

முரணும் தீர்வும்

இதற்கிடையே இயற்பியலாளர் ஜூலின் துடுப்புச் சோதனைகள் வேலை வெப்பமாக மாறுவதைக் காட்டின. வெப்பமும் அவ்வாறே வேலையாக மாறுமெனில், அது அழியாத பாய்மமாக இருக்க முடியாது. கார்னோவின் முடிவும் அதனோடு வீழவேண்டுமா? 1850இல் இயற்பியலாளர் கிளாசியஸ் விடை கண்டார். இயந்திரம் பெறும் வெப்பத்தில் ஒரு பகுதி வேலையாகிறது, மீதி குளிர்ந்த இடத்துக்குச் செல்கிறது. கார்னோவின் வாதத்துக்கு அவர் புதிய அடித்தளம் இட்டார்: மேலும் திறன்மிக்க இயந்திரம் இருந்தால், வேறெந்த மாற்றமுமின்றி வெப்பம் குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு ஏறிவிடும், அது இயலாது. இதுவே இரண்டாம் விதி. 1851இல் தாம்சன் தம் வழியில் அதையே வகுத்தார்.

தனி வெப்பநிலையில் வரம்பு எளிது: 1 − T₂/T₁ (T₁ சூடான இடத்தின் வெப்பநிலை, T₂ குளிர்ந்த இடத்தின் வெப்பநிலை). 160 டிகிரி செல்சியஸில் நீராவியைப் பெற்று 40 டிகிரியில் வெளியேற்றும் இயந்திரம் 28 விழுக்காட்டைத் தாண்ட முடியாது. 540க்கும் 30க்கும் இடையே இயங்குவதற்கு உச்சம் 63 விழுக்காடு. இந்த வரம்பை நோக்கியே ருடால்ஃப் டீசல் தம் இயந்திரத்தை வடிவமைத்தார். 1897ஆம் ஆண்டுச் சோதனையில் அது 26.2 விழுக்காடு தந்தது.

முடிவு

கார்ன்வாலின் முன்னேற்றத்துக்குக் கோட்பாடு தேவைப்படவில்லை. இலக்கை அறியவே அது தேவைப்பட்டது. கார்னோவின் முடிவு தப்பியதற்குக் காரணம், அது இயந்திரங்களுக்கிடையிலான ஒப்பீட்டில் நின்றதே; எனவே கலோரிக்கை நீக்கியும் வாதத்தின் கட்டமைப்பு குலையவில்லை. 1878இல் வெளியான அவருடைய குறிப்புகள், கலோரிக் கொள்கையை அவரே பின்னாளில் கைவிட்டதைக் காட்டுகின்றன. முதல் விதியின் வாசலையும் அவர் எட்டியிருந்தார். அந்தக் குறிப்புகள் 46 ஆண்டுகள் அச்சேறாததால், அதைப் பிறர் தனியே கண்டறிய வேண்டியதாயிற்று.