நீதிமன்றப் படிக்கட்டில் விலைபோன வீடுகள்

2008 பொருளாதார நெருக்கடின்னா எல்லாரும் வங்கிகளைப் பத்திதான் பேசுவோம். அப்போ ஏலத்துக்கு வந்த வீடுகள் யார் கைக்குப் போச்சு? அதுதான் இன்னைக்குக் கதை.

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கடன் கட்ட முடியாமல் போன வீடுகளை மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை, கவுண்டி நீதிமன்றப் படிக்கட்டில் ஏலம் விடுவாங்க. எடுக்கிறவர் கையில் ரொக்கம் இருக்கணும். "வங்கியில் லோன் கேட்டிருக்கேன், ஒரு மாசம் பொறுங்க"ன்னு அங்கே சொல்ல முடியாது. இதை ஞாபகம் வெச்சுக்கோங்க.

தனிவீட்டை வாங்கி வாடகைக்கு விடுவது புதுசு இல்லை. ஆனா அதைச் செஞ்சவங்க பெரும்பாலும் உள்ளூர்க்காரங்க, ஆளுக்கு ஒண்ணு ரெண்டு வீடு. பெரிய பணம் அடுக்குமாடிப் பக்கம்தான் போகும். ஒரே கூரை, 200 குடித்தனம், ஒரு மேனேஜர் போதும். தனிவீடுன்னா ஊர் முழுக்கச் சிதறிக் கிடக்கும், ஒவ்வொண்ணுக்கும் தனிக் கூரை, தனி ஏசி, தனிச் சாக்கடை அடைப்பு! 2011 வரைக்கும் ஆயிரம் தனிவீடு வைத்திருந்த முதலீட்டாளர் ஒருத்தர்கூட நாட்டில் இல்லைன்னு அமெரிக்க அரசின் தணிக்கை அமைப்பே சொல்லுது.

அடுத்த வருஷமே நிலைமை மாறிடுச்சு. பீனிக்ஸ், லாஸ் வேகாஸ் மாதிரி ஊர்களில் வீட்டு விலை பாதிக்கும் கீழே போயிருந்தது. நிர்வகிக்க வழி இருந்தா ரெண்டு லட்சம் தனிவீடு வாங்குவேன்னு 2012 பிப்ரவரியில் வாரன் பஃபெட் டிவியிலேயே சொன்னார். அவர் வாங்கலை. வாங்கினது பிளாக்ஸ்டோன். அந்த வருஷமே 'இன்விடேஷன் ஹோம்ஸ்' தொடங்கினாங்க. 2013 ஏப்ரலில் அட்லாண்டாவில் ஒரே நாளில் சுமார் 1,400 வீடு வாங்கினாங்க.

அப்போ சாதாரணக் குடும்பங்கள் எங்கே போனாங்க? விலை குறைஞ்சிருக்கு, வாங்க வேண்டியதுதானே? இங்கேதான் அந்தப் படிக்கட்டு விதி வருது. நெருக்கடிக்கு அப்புறம் வங்கிகள் கடன் கொடுப்பதை இறுக்கிட்டாங்க. விலை குறைஞ்ச அதே நேரத்தில் லோன் கிடைக்கலை. ரொக்கம் வெச்சிருந்தவருக்கு எதிர்ப்போட்டி இல்லை. கம்பெனிகளின் பேராசைன்னு மட்டும் சொல்லி இதை முடிச்சிட முடியாதுன்னு நான் நினைக்கிறது இதனாலதான். கதவைத் திறந்து வெச்சது கடன் கொள்கை.

அரசும் கூட நின்னது. ஃபேனி மே 1938-ல் உருவானது சாமானியர் வீடு வாங்கக் கடன் கிடைக்கணும்னு. அதே ஃபேனி மே 2017 ஜனவரியில் இன்விடேஷன் ஹோம்ஸ் வாங்கிய 100 கோடி டாலர் கடனுக்கு உத்தரவாதம் கொடுத்தது. அதுக்கு முன்னாடியே, 2013 நவம்பரில், சுமார் 3,200 வீடுகளின் வாடகையைக் காட்டி 47.9 கோடி டாலருக்குக் கடன் பத்திரம் வித்தாச்சு. ஒரு குடும்பம் ஒண்ணாம் தேதி கட்டுற வாடகை, எங்கோ இருக்கிற முதலீட்டாளருக்கு வட்டியாப் போக ஆரம்பிச்சது.

"மொத்தத்தில் இவங்க பங்கு ரொம்பக் கம்மி"ன்னு ஒரு வாதம் இருக்கு. பொய் இல்லை. 2022 கணக்குப்படி இந்தப் பெரிய நிறுவனங்களிடம் சுமார் 4,50,000 வீடு, நாட்டின் வாடகைத் தனிவீடுகளில் 3 சதவீதம்தான். ஆனா அட்லாண்டாவில் மட்டும் எடுத்தா 25 சதவீதம்! அதுவும் முதல் வீடு வாங்குறவங்க தேடுற, மூணு பெட்ரூம் வீடுகள். வீட்டுத் தட்டுப்பாட்டை உண்டாக்கினது இவங்க இல்லை. நெருக்கடிக்கு அப்புறம் புது வீடு கட்டுவது படுத்துப்போனதுதான் பெரிய காரணம். ஆனா அட்லாண்டா புறநகரில் வீடு தேடின குடும்பத்துக்கு நாட்டுச் சராசரி என்ன உதவி செய்யும்?

வாடகைக்கு வந்தவங்க அனுபவம் தனிக்கதை. 2024 செப்டம்பரில் இன்விடேஷன் ஹோம்ஸ் மேல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் வழக்குப் போட்டது. விளம்பரத்தில் சொல்லாத கட்டணங்கள், திருப்பித் தராத அட்வான்ஸ்னு குற்றச்சாட்டு. ஏசி ஃபில்டரை வீட்டுக்கு அனுப்புறதுக்குக்கூடக் கட்டாயக் கட்டணம் வாங்கினாங்களாம். கம்பெனி 4.8 கோடி டாலர் தர ஒத்துக்கிட்டு வழக்கை முடிச்சுக்கிட்டது.